புழு, அட்டை, நத்தை, சிப்பி: தாமிரபரணிச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயலில் இறங்குகிறவர்கள், ஆடுமாடு வளர்க்கிறவர்கள், மண்புழு உரம் போடுகிறவர்கள், விலங்கியல் படிக்கிற பிள்ளைகள், உவரி, கூட்டப்புளிக் கரைக்காரர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். மருந்தளவுகள் விவரம் தெரிவதற்காக மட்டும்தான். ஊசி, மருந்து எதையும் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

தட்டைப்புழு, மண்புழு, நத்தை: இந்த மூன்றையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

பார்வைக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்தாலும் மூன்றும் ஒரே பெரிய கிளையைச் சேர்ந்தவை. இவற்றில் பலவற்றின் கருமுட்டை சுருள் முறையில் பிளவுபடுகிறது. கடல்புழுக்களுக்கும் சிப்பிகளுக்கும் இளம்பருவ உருவமே ஒன்றுபோல இருக்கும்: நடுவில் மயிரிழை வளையம் கட்டிய, நீந்தும் சின்ன உருண்டை.

நடைமுறைக்கு இன்னொரு ஒற்றுமைதான் முக்கியம். மூன்றுக்கும் தோல் ஈரமாக, மெல்லியதாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க பூச்சிகளுக்குள்ள மெழுகுப் பூச்சோ, ஓணானுக்குள்ள செதிலோ இவற்றுக்கு இல்லை. அதனால் ஈரம் இருக்கும் இடத்தில், ஈரம் இருக்கும் நேரத்தில்தான் இவை உலவும். உரக்குழியில் மண்புழு ஏன் சாகிறது, உப்புப் போட்டால் நத்தை ஏன் சுருள்கிறது, காய்ந்த வைக்கோல் ஏன் பாதுகாப்பானது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இதிலிருந்தே கிளம்புகிறது.

மூன்றையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

தட்டைப்புழுவுக்கு உடற்குழி கிடையாது, இரத்த ஓட்டமும் கிடையாது. ஆக்சிஜன் தோல் வழியாகவே ஒவ்வொரு செல்லுக்கும் போய்ச் சேர வேண்டும். உடம்பு தட்டையாக இருப்பதன் காரணமே இதுதான். தடித்தால் நடுவிலிருக்கும் செல்கள் மூச்சுமுட்டிச் சாகும். குடல் இருந்தால் ஒரே வாசல்: தின்பதும் கழிவதும் அதே வாய் வழியாக. நாடாப்புழுவுக்கு அந்தக் குடலும் இல்லை, மேல்தோலாலேயே உணவை உறிஞ்சிக்கொள்கிறது.

வளைத்தசைப் புழுக்கள் என்பவை மண்புழு, அட்டை, கடல்புழுக்கள். உடம்பு வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும், உள்ளேயும் அதே பிரிவுகளுக்குத் தடுப்பு உண்டு. மண்புழுவின் இரத்தம் மூடிய குழாய்களில் ஓடுகிறது. அதன் சிவப்புக்குக் காரணம் நமக்குள்ள அதே ஹீமோகுளோபின்தான். ஆனால் செல்லுக்குள் அடைபடாமல் நீர்மத்திலேயே கரைந்து கிடக்கிறது.

மெல்லுடலிகள் என்றால் நத்தை, சிப்பி, சங்கு, கணவாய். தசையாலான பாதம், ஓட்டைச் சுரக்கும் மேன்டில் என்ற போர்வைத்தோல், அரம் போன்ற ராடுலா நாக்கு ஆகியவை இவற்றின் அடையாளம். சிப்பிகளுக்கு மட்டும் ராடுலா இல்லை. தண்ணீரை வடிகட்டித் தின்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

வயிற்றில் வரும் கீரிப்பூச்சி, கொக்கிப்புழு ஆகியவை உருளைப்புழுக்கள். அவை வேறு கூட்டம், இந்தப் பக்கத்தில் வராது.

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகுமா?

ஆகாது. தலைப்பக்கத் துண்டு போதிய நீளம் இருந்தால் வாலை மறுபடி வளர்த்துக்கொள்ளும். வால் துண்டு கொஞ்ச நேரம் துடிக்கும், பிறகு செத்துவிடும்.

வெட்டினால் இரண்டு புழுவாக மாறுவது பிளனேரியா. நன்னீரில் கல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சிறிய தட்டைப்புழு அது. 279-இல் ஒரு பங்குத் துண்டிலிருந்துகூட முழுப் புழு வளரும் என்று 1898-இல் டி. எச். மார்கன் காட்டினார். உடம்பெங்கும் பரவியிருக்கும் நியோபிளாஸ்ட் என்ற குருத்தணுக்களே காரணம். பார்க்க ஆசையென்றால், தெளிந்த ஓடையில் விரல்நுனி அளவு ஆட்டு ஈரலை நூலில் கட்டி, கல்லிடுக்கில் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டு வையுங்கள். இருந்தால் ஒட்டிக்கொண்டு வரும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும். எடுத்த ஓடைத் தண்ணீரிலேயே வையுங்கள்.

பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வுக்கு லாம்பிட்டோ மாரிட்டி என்ற மண்புழுவில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கிளைட்டெல்லம் என்ற தடித்த வளையம். லாம்பிட்டோவில் அது 14 முதல் 17 வரையுள்ள கண்டங்களில் (உடல் வளையங்களில்) இருக்கும். பெண் இனத்துளை 14-இல், ஆண் இனத்துளை ஜோடி 18-இல். விந்து ஏற்கும் துளைகள் மூன்று ஜோடி: 6/7, 7/8, 8/9 கண்டங்களின் இடுக்கில். எண்ணும்போது வாய் இருக்கும் கண்டத்தை ஒன்று என்று வையுங்கள். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் புரோஸ்டோமியம் கண்டமல்ல. பெரும்பாலோர் மதிப்பெண்ணை விடுவது இந்த இடத்தில்தான்.

மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்று குழப்பம் வந்தால், மேலே நீளவாக்கில் கருங்கோடாக ஓடும் முதுகு இரத்தக்குழாயைத் தேடுங்கள். விரலால் வாலிலிருந்து தலைநோக்கித் தடவினால் சொரசொரவென்று படுவது சீட்டாக்கள் என்ற நுண்மயிர்கள்.

மண்புழு உரத்துக்கு எந்தப் புழு? ஊர்ப் புழுவே போதாதா?

வயலில் கிடைக்கும் லாம்பிட்டோ மண்ணுக்குள் துளைபோட்டு வாழ்கிறது. வயலுக்கு நல்லது; தொட்டியில் கழிவை வேகமாகத் தின்னாது. தொட்டிக்கு மேல்மட்டத்தில் மேயும் இனங்களே சரி: யூட்ரிலஸ் யூஜினியே, ஐசீனியா ஃபெட்டிடா, நம் நாட்டுப் புழுவான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். யூட்ரிலஸ் வெப்பத்தில் வேகமாகப் பெருகும் ஆப்பிரிக்கப் புழு. குளிரும் பட்டினியும் அதற்கு ஆகாது. பெரியோனிக்ஸ் கொஞ்சம் சிறியது, தொட்டால் துள்ளி ஓடும். முதல்முறை போடுகிறவர்களுக்கு யூட்ரிலஸுடன் பெரியோனிக்ஸைக் கலந்து விடச் சொல்வோம். ஒன்று தளர்ந்தாலும் மற்றது தாக்குப்பிடிக்கும்.

வாழைக் கழிவு நிறைய இருக்கிறது. அளவும் முறையும் சொல்லுங்கள்.

களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கம் தார் வெட்டியபின் மிஞ்சும் தண்டும் மட்டையும் நல்ல தீனிதான், ஆனால் அதில் தண்ணீர்ச் சத்து மிக அதிகம். வெட்டியதை அப்படியே தொட்டியில் போட்டால் அடியில் சாறு தேங்கி, காற்றில்லாமல் நாறும். இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, இரண்டு மூன்று நாள் வாடவிடுங்கள்.

10 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி ஒரு குடும்பத்தால் பராமரிக்கக்கூடிய அளவு. 3 அடிக்கு மேல் அகலம் வைத்தால் நடுவே கை எட்டாது, கிளற முடியாது. தரை ஒரு பக்கம் லேசாகச் சரிந்து, அங்கே ஒரு வடிகுழாய் இருக்க வேண்டும். அடியில் 3 அங்குலத்துக்கு உடைசெங்கல் அல்லது தேங்காய் மட்டை. மேலே ஓலைக்கூரை கட்டாயம். தகரம் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

கழிவு மூன்று பங்கு, ஒரு வாரம் ஆறிய சாணம் ஒரு பங்கு என்று அடுக்கடுக்காகப் போட்டு நனைத்து, 15 முதல் 20 நாள் புழு விடாமல் மக்கவிடுங்கள். இந்த நாட்களில் குவியல் சூடேறும். கையை முழங்கைவரை நுழைத்துப் பார்க்கும்போது சூடு தெரியாமல் குளிர்ச்சியாக இருந்தால்தான் புழு விடலாம். சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிலோ புழு. இந்தத் தொட்டிக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ பிடிக்கும். கிலோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் புழு இருக்கும்.

ஈரம் பார்க்க மீட்டர் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. 45 முதல் 60 நாளில் மேல்பரப்பு தேயிலைத்தூள்போல் ஆகும். அப்போது மூன்று நான்கு நாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினால், ஈரத்தைத் தேடிப் புழு அடியில் இறங்கிவிடும். மேலே உள்ளதை வழித்து, நிழலில் வைத்து, 3 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலித்தெடுங்கள். சல்லடையில் தங்கும் மஞ்சள் நிற மிளகளவு மணிகள் குப்பையல்ல, முட்டைக்கூடுகள். மறுபடி தொட்டிக்கே போகட்டும்.

புழுக்கள் தொட்டியை விட்டு ஏறி ஓடுகின்றன, அல்லது கூட்டமாகச் சாகின்றன. ஏன்?

ஒரே இரவில் எல்லாம் சுவரேறினால் காற்று இல்லாமல் போயிருக்கும், அல்லது பச்சைச் சாணத்தின் அம்மோனியா தாக்கியிருக்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தெரிந்துவிடும்: முட்டை அழுகிய வாடை என்றால் தண்ணீர் அதிகம், கண் கரிக்கும் வாடை என்றால் அம்மோனியா. முதலாவதற்கு வடிகுழாயைத் திறந்து, காய்ந்த வாழைச்சருகு கலந்து கிளறுங்கள். இரண்டாவதற்குப் புழுவைப் பிரித்தெடுத்து, குவியலை இன்னும் பத்து நாள் ஆறவிட வேண்டும்.

இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்தில் கேட்கப்படுவது இன்னொன்று. உப்புக் கிணற்றுத் தண்ணீரைத் தெளித்தால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் குவியலில் சேர்ந்துகொண்டே போகும். புழு வெளிறி, மெலிந்து, முட்டை வைப்பதை நிறுத்தும். மழைநீரைச் சேமித்துத் தெளிப்பதைத் தவிர இதற்கு வழி கிடையாது.

எறும்புக்குத் தொட்டியைச் சுற்றி ஒரு சாண் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பூச்சிமருந்துப் பொடி தூவினால் எறும்போடு புழுவும் போகும். எலுமிச்சைத் தோல், ஊறுகாய், மீன் கழிவு எதுவும் உள்ளே போகக் கூடாது.

மழைக்காலத்தில் தோட்டத்தில் சுத்தியல் தலையோடு, கருங்கோடு போட்ட வழவழப்பான நீளப் புழு வருகிறது. பாம்புக்குட்டியா?

பாம்பில்லை. பைபாலியம் என்ற நிலத்துத் தட்டைப்புழு. தலை அரைவட்டத் தட்டையாக விரிந்திருக்கும், வாயோ உடம்பின் நடுவில் அடிப்பக்கம் இருக்கும். மண்புழுவைச் சுற்றி வளைத்து, வாயிலிருந்து குழாயை நீட்டிக் கரைத்துக் குடித்துவிடும். உரத்தொட்டிக்கு இது நேரடிப் பகை. மண்வெட்டியால் துண்டாடாதீர்கள், ஒவ்வொரு துண்டும் புழுவாகும். குச்சியால் எடுத்து உப்பு அல்லது வினிகர் உள்ள பாட்டிலில் போடுங்கள். இதன் உடம்பில் டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு இருப்பதாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. அளவு சொற்பம்தான், ஆனாலும் வெறுங்கையால் தொட வேண்டாம், கோழியும் தின்ன வேண்டாம்.

மாட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்குகிறது, மெலிகிறது, கழிச்சல் போகிறது. தட்டைப்புழுவா?

இருக்க வாய்ப்பு அதிகம். நம் நெல் வயல் பகுதிகளில் பரவலாகக் காணப்படுவது பசியோலா ஜைகான்டிகா என்ற ஈரல் தட்டைப்புழு. இலை வடிவம், 2.5 முதல் 7.5 செ.மீ. நீளம். பித்தநாளத்தில் தங்கி, இரத்தச் சத்தை இழக்கவைக்கிறது. இரத்தத்தில் புரதம் குறையும்போது நீர் கசிந்து தாடையில் இறங்குகிறது. இரத்தம் குடிக்கும் உருளைப்புழுவாலும் இதே வீக்கம் வரும், அதனால் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல் சாணத்தைச் சோதிக்க வேண்டும்.

இதன் வாழ்க்கைச் சுற்று தெரியாமல் மருந்து வாங்கிக்கொடுப்பது பெரும்பாலும் காசுக்குக் கேடு. சாணத்தோடு விழும் முட்டை தண்ணீரில் இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கிறது. வெளிவரும் இளரி (இளம்பருவப் புழு) ஒரு நாளுக்குள் லிம்னியா நத்தைக்குள் நுழைந்தாக வேண்டும், இல்லையேல் செத்துவிடும். நத்தைக்குள் ஒன்று பல நூறாகப் பெருகி, ஒன்றரை இரண்டு மாதத்தில் வால் முளைத்த இளரிகளாக வெளியேறும். நெல்தாளிலோ வாய்க்கால் புல்லிலோ ஒட்டி, கூடு கட்டி உட்காரும். அந்தப் புல்லை மாடு தின்றால், குடலைத் துளைத்து, ஈரலைக் குடைந்து, பித்தநாளம் போய்ச் சேர்ந்து முட்டையிட மூன்று நான்கு மாதம்.

கணக்கு இப்படி வருகிறது: பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் தாள் மேய்ந்த மாடு ஆனி, ஆடியில் தாடை வீங்கும். ஆக்ஸிகுளோசனைடு (கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி.) பித்தநாளத்தில் உள்ள முதிர்ந்த புழுவைத்தான் கொல்லும். மேய்ந்த மறுவாரம் கொடுத்தால் ஈரலுக்குள் குடைந்துகொண்டிருக்கும் குஞ்சுப்புழு தப்பிவிடும். ட்ரைகிளாபென்டசோல் (மாட்டுக்குக் கிலோவுக்கு 12 மி.கி., ஆட்டுக்கு 10 மி.கி.) இளம்புழுவையும் தாக்கும். கறவை மாடென்றால் எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாணப் பரிசோதனையில் ‘புழு இல்லை’ என்று வந்தது. ஆனாலும் வீக்கம் குறையவில்லையே?

இரண்டு காரணம் இருக்கலாம். புழு இன்னும் முட்டையிடும் வயதுக்கு வராமல் இருக்கலாம். அல்லது உப்புக்கரைசல் மிதவை முறையில் மட்டும் பார்த்திருப்பார்கள். தட்டைப்புழு முட்டை கனமானது, உப்புக்கரைசலில் மிதக்காது. படிவு முறையில் பாருங்கள் என்று கேளுங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்ய: 3 முதல் 5 கிராம் புதுச் சாணத்தை 200 மி.லி. தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேல்நீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, தெளியும்வரை இதையே செய்யுங்கள். கடைசிப் படிவில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விடுங்கள். சாணத் துகள் நீலமாகும், ஈரல்புழு முட்டை பொன்மஞ்சளாகவே நிற்கும். அதே உருவத்தில் நிறமில்லாமல் தெரிந்தால் அது இரைப்பைத் தட்டைப்புழுவான ஆம்ஃபிஸ்டோமின் முட்டை.

மருந்தில்லாமல் தடுக்க முடியாதா?

முடியும். கூடுகட்டிய இளரி நெல்தாளின் அடிப்பாகத்தில், தண்ணீர் நின்ற மட்டத்தில்தான் ஒட்டியிருக்கும். பச்சைத்தாளை அறுத்துப் போடுவதானால் அடி மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு மேல்பகுதியைக் கொடுங்கள். வைக்கோலை மூன்று நாள் நல்ல வெயிலில் பரப்பிப் புரட்டிக் காயவைத்தபின் படப்பு போடுங்கள். ஈரத்தோடு போட்ட படப்பின் உள்ளே இளரி உயிரோடு இருக்கும். மாட்டுத்தொழுவின் கழிவுநீர் நேராக வாய்க்காலில் விழாமல் பாருங்கள். சாணம் எருக்குழியில் மக்கினால் முட்டை வெப்பத்தில் சாகும். அறுத்த வயலில் வாத்து மேயவிட்டால் நத்தை குறையும்.

எந்த நத்தை கெட்டது?

நத்தையைச் சுருள்முனை மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். ஓடு மெல்லியது, வாய் காதுமடல்போல் அகன்று வலப்பக்கம், மூடி கிடையாது என்றால் லிம்னியா. ஈரல்புழுவைச் சுமப்பது இது. முறுக்கு சுற்றியதுபோலத் தட்டையாகச் சுருண்டு, இரண்டு செ.மீ. வரை அகலம், மூடி இல்லை, நசுங்கினால் சிவப்பு இரத்தம் என்றால் இண்டோபிளனார்பிஸ். ஆம்ஃபிஸ்டோமுக்கும் இரத்தத் தட்டைப்புழுக்களுக்கும் இதுவே வீடு. உருண்டையாக, பெரியதாக, வாயில் கெட்டியான மூடியோடு இருந்தால் பைலா. அது வயல் நத்தை, இந்தக் கால்நடை நோய்களில் அதற்குப் பங்கில்லை.

நத்தையில் இளரி இருக்கிறதா என்று பார்க்க, கையுறையோடு பிடித்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டு, வெயில் படும் சன்னலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். கருப்புத்தாள் பின்னால் பிடித்து லென்ஸால் பார்த்தால் வெள்ளைத் தூசு துள்ளுவது தெரியும். வால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் அநேகமாக இரத்தத் தட்டைப்புழு. அந்தத் தண்ணீர் தோலில் படக் கூடாது. முடிந்ததும் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள்.

நடவுக்கு இறங்கினால் காலில் அரிப்பும் சிவப்புப் பொட்டும். தண்ணீரில் மருந்து கலந்துவிட்டதா?

மருந்தாகவும் இருக்கலாம். ஆனால் இறங்கிய கொஞ்ச நேரத்தில் குத்தலாகத் தொடங்கி, மறுநாள் தடித்த பொட்டாக, தண்ணீர் பட்ட மட்டத்துக்குக் கீழே மட்டும் வந்தால் மாட்டு இரத்தத் தட்டைப்புழுவின் இளரி காரணமாக இருக்கும். மாடு என்று நினைத்து மனிதத் தோலில் நுழைகிறது, உள்ளே வளர முடியாமல் அங்கேயே சாகிறது. ஒரு வாரத்தில் தானாக அடங்கும். கரையேறியவுடன் காலைக் காயவிடாமல் துண்டால் அழுத்தித் துடையுங்கள்; தண்ணீர் உலரும்போதுதான் நிறைய நுழையும். சொறிந்து புண்ணாக்கினால் சீழ் பிடிக்கும்.

மாடு மூக்கில் சளி வடிந்து குறட்டை விடுகிறது. என்ன?

மூக்கு இரத்தக்குழாயில் வாழும் சிஸ்டோசோமா நேசேல் ஆக இருக்கலாம். இதைச் சென்னையில் 1933-இல் ராவ் கண்டறிந்து விவரித்தார். மூக்குக்குள் பூக்கோசுபோலச் சதை வளர்ந்து அடைக்கும். சளியைச் சோதித்தால் வளைதடி வடிவ முட்டை தெரியும்; சாணத்தில் தேடிப் பயனில்லை.

ஓடையில் தண்ணீர் குடித்த மாட்டின் மூக்கிலிருந்து இரத்தம் மட்டும் சொட்டினால் மூக்கட்டையையும் சந்தேகப்படுங்கள். பல மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்து, பிறகு மூக்கருகே ஒரு வாளித் தண்ணீரை நீட்டினால் அட்டை தலையை வெளியே நீட்டும். துணி சுற்றிய விரலால் பிடித்துவிடலாம்.

நாங்கள் சைவம். மூளையில் நாடாப்புழுக் கட்டி எப்படி வரும்?

வரும். பன்றி இறைச்சியில் உள்ள கட்டியைத் தின்றால் வயிற்றில் நாடாப்புழு வளரும், மூளையில் கட்டி வராது. மூளைக்கட்டி வருவது அந்தப் புழுவின் முட்டையை விழுங்குவதால். முட்டை இருப்பது, வயிற்றில் புழு உள்ள மனிதரின் மலத்தில். கழுவாத கை, அந்த மண் பட்ட கீரை, கொத்தமல்லி வழியாக யாருக்கும் வரலாம். வலிப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். வலிப்பு வந்தவருக்கு ஸ்கேன் பார்க்காமல் பூச்சிமாத்திரை கொடுக்காதீர்கள். கட்டி சாகும்போது மூளை வீங்கும், அதனால் மருத்துவமனையில் வீக்கம் குறைக்கும் மருந்தோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

கிடை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆடு அறுத்தபின் தண்ணீர்க்கட்டி உள்ள ஈரல், நுரையீரலையும், சுற்றிச் சுற்றி வந்து செத்த ஆட்டின் தலையையும் நாய்க்குப் போடாதீர்கள். ஆழப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். நாயின் குடலில் அது நாடாப்புழுவாகி, முட்டை மறுபடி புல்லுக்கும், பிள்ளைகளின் கைக்கும் வரும்.

மாஞ்சோலை, குதிரைவெட்டிப் பக்கம் போனால் அட்டை கடிக்கிறது. எப்படி எடுப்பது?

அட்டையின் ஒல்லியான முனைதான் வாய். அதன் பக்கத்தில் தோலோடு ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிடி விட்டுவிடும். பிறகு தடித்த முனையையும் அப்படியே. உப்பு, தீக்குச்சி, புகையிலைச் சாறு வைத்தால் விழும்தான், ஆனால் விழுமுன் வயிற்றில் உள்ளதைப் புண்ணுக்குள் கக்கிவிடலாம். அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா இருக்கிறது.

இரத்தம் உறையாமல் ஒழுகுவதற்கு எச்சிலில் உள்ள ஹிருடின் காரணம். அட்டையின் எச்சிலில் இப்படி ஒரு பொருள் இருப்பதை 1884-இல் ஜான் ஹேகிராஃப்ட் கண்டறிந்தார். சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில மணி நேரம் லேசாகக் கசிந்தாலும் பயமில்லை. போகும்போது முழங்கால்வரை நெருக்கமான நெசவுள்ள காலுறையைப் பேன்ட்டுக்கு வெளியே இழுத்துக் கட்டுங்கள்.

சித்த மருத்துவத்தில் அட்டை விடல் முறையாக உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள். ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடக் கூடாது. இரத்தசோகை உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

கோடையில் வற்றிய குளத்தில் நத்தையே இல்லை. மழை பெய்ததும் எங்கிருந்து வருகிறது?

அங்கேயேதான் இருந்தது. பைலாவுக்குச் செவுளும் உண்டு, காற்றை நேராக எடுக்க நுரையீரல் அறையும் உண்டு. தண்ணீர் வற்றும்போது சேற்றில் புதைந்து, மூடியை அடைத்து, மறுபடி தண்ணீர் வரும்வரை மாதக்கணக்கில் உறங்கும்.

சமைப்பதென்றால் மருந்தடித்த வயலில் பொறுக்காதீர்கள். இரண்டு நாள் சுத்தத் தண்ணீரில் போட்டு, தினம் தண்ணீர் மாற்றுங்கள், மணலும் கழிவும் போகும். மூடி மூடாமல் வாடை அடிப்பது செத்தது, எறியுங்கள். கொதிநீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வெந்தாக வேண்டும். அரைவேக்காட்டில் புழுக்களின் இளரி சாகாது.

வாழை, பப்பாளியை ஆப்பிரிக்க ராட்சத நத்தை மொட்டையடிக்கிறது.

1847-இல் கல்கத்தாவில் வில்லியம் பென்சன் என்பவர் தோட்டத்தில் விட்டதிலிருந்து இந்தியாவில் பரவிய இனம் இது. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும், ஒரு தடவைக்கு நூறு, இருநூறு. ஆகவே ஒரு நாள் பொறுக்கிவிட்டு ஓய்ந்தால் பயனில்லை.

மாலையில் சாக்கை நனைத்து, அடியில் நறுக்கிய பப்பாளி இலை, முட்டைக்கோசு இலை வைத்துத் தோட்டத்தில் பத்தடிக்கு ஒன்று போடுங்கள். விடியுமுன் கையுறையோடு பொறுக்கி, 10 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ கல்லுப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். செத்ததை இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாழைத்தூரில் நேராக உப்புக் கொட்டாதீர்கள், மண் கெடும். மெட்டால்டிஹைடு குருணை வேலை செய்யும், ஆனால் நாய் தின்றால் செத்துவிடும். வாரம் இருமுறையாவது, மழைக்காலம் முழுக்க, அண்டைத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

வெறுங்கையால் தொடக் கூடாது என்பதற்குக் காரணம் எலி நுரையீரல் புழு. நத்தைச் சளியும் சதையும் அதைச் சுமக்கக்கூடும். மனித மூளைச்சவ்வில் அழற்சி உண்டாக்கும். பச்சையாக நத்தை விழுங்கச் சொல்லும் கைவைத்தியம் எதையும் நம்பாதீர்கள்.

முத்து மணல்துகளில் இருந்துதானே உருவாகிறது?

பெரும்பாலும் இல்லை. மணலைத் துப்பத் தெரியாத சிப்பி கடலடியில் பிழைக்காது. போர்வைத்தோலின் மேல்செல்கள் சில, ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ, சதைக்குள் தள்ளப்பட்டு ஒரு பையாக வளரும்போது, ஓட்டின் உட்புறம் பூசும் அதே முத்துப்பூச்சை அந்தப் பைக்குள் சுரக்கின்றன. வளர்ப்பு முத்தில் செய்வதும் இதுவே: நன்னீர்ச் சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த மணியோடு, வேறொரு சிப்பியின் போர்வைத்தோல் துண்டைச் சேர்த்து வைக்கிறார்கள். துண்டு ஒட்டாவிட்டால் முத்து இல்லை.

கொற்கைக் கடலின் பார்களில் (சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில்) விளைந்தது பிங்க்டாடா ஃப்யூகேட்டா என்ற முத்துச்சிப்பி. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1973-இல் அங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்.

குளத்துச் சிப்பியில் முத்து வளர்த்து லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அறுவைக்குப் பின் எத்தனை சதவீதம் பிழைக்கிறது, 12 முதல் 18 மாதம் வரை தண்ணீரின் கார அமில அளவை 7-க்கும் 8-க்கும் இடையில் வைப்பது யார் பொறுப்பு, வாங்கும் விலை எழுத்தில் உண்டா. பதில் மழுப்பலானால் விட்டுவிடுங்கள்.

வலம்புரிச் சங்கு உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

வால்போல நீண்ட பக்கம் மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் வந்தால் வலம்புரி. அதோடு முடியவில்லை. அமெரிக்க அட்லாண்டிக் கரையில் இயல்பிலேயே இப்படிச் சுருளும் வேறு சங்கு உண்டு, அதைத்தான் நிறையப் பேர் விற்கிறார்கள். வாயின் உள்விளிம்பில் விரல்விட்டுப் பாருங்கள். நம் கடல் சங்கான டர்பினெல்லா பைரமில் மூன்று நான்கு தடித்த மடிப்புகள் குறுக்கே இருக்கும். அந்த அமெரிக்கச் சங்கில் அப்படி இராது. கனமும் குறைவு.

மன்னார் வளைகுடாச் சங்கின் தீனி மணலில் குழாய் கட்டி வாழும் கடல்புழுக்கள்தான். புழு இல்லாத மணலில் சங்கு இருக்காது.

கணவாய் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறதே?

ஊசிக் கணவாயோ ஓட்டுக் கணவாயோ, அதன் தசைநார்களைக் கொலாஜன் வலைபோல் கட்டியிருக்கிறது. சூட்டில் அது முதலில் சுருங்கி இறுக்கும், நெடுநேரம் வெந்தால் இளகும். ஆகவே ஒன்றிரண்டு நிமிடத்தில் இறக்குங்கள், அல்லது முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். நடுவில் நிறுத்தினால்தான் ரப்பர். உயிரோடு பிடித்ததை அறுக்கும்போது இரத்தம் நீலமாகத் தெரிந்தால் கெட்டதல்ல, இரும்புக்குப் பதில் செம்பு உள்ள இரத்தம். கரையில் ஒதுங்கும் கடல்நுரை ஓட்டுக் கணவாயின் உள்ளோடு.

கல்லூரி அருங்காட்சியகத்துக்கு மாதிரி சேர்க்கிறோம். எதில் போடுவது?

நேராகச் சாராயத்தில் போட்டால் எல்லாமே சுருண்டு பயனற்றுப் போகும். மண்புழுவை முதலில் 5 முதல் 10% ஆல்கஹாலில் அசைவு நிற்கும்வரை வைத்து, நேராக நீட்டிய பிறகு கெட்டிப்படுத்துங்கள். நத்தையை, மூடிவரை தண்ணீர் நிரம்பிய பாட்டிலில் போட்டு, மெந்தால் தூள் தூவி ஓரிரவு விட்டால் உடம்பு வெளியே நீண்டபடி மயங்கும். தட்டைப்புழுவை இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே லேசாக அழுத்திக் கெட்டிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் சாயமேற்றி உள்ளுறுப்பைப் பார்க்க முடியாது.

ஓடுள்ள எதையும் ஃபார்மலினில் நெடுநாள் வைக்காதீர்கள். அது நாளடைவில் அமிலமாகி ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்கும். 70% ஆல்கஹால் போதும். இடம், தேதி, எந்தத் தண்ணீரில் கிடைத்தது என்பதைப் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் அழிந்துவிடும்.